பகல் பன்னிரண்டு மணி நாய்

'ஹச்சி' பார்த்து அழாதவர்கள் கையைத் தூக்கலாம். தூக்க மாட்டீர்கள். ரிச்சர்ட் கேர் நடித்து 2009-ல் வந்த அந்தப் படத்தை நம் ஊரில் தியேட்டரில் பார்த்தவர்கள் குறைவு. டி.வி.டி-யிலும் பிறகு செல்போனிலும் பார்த்து, மூக்கைச் சிந்திக்கொண்டே, 'கண்டிப்பா பாரு, கர்ச்சீஃப் எடுத்து வெச்சுக்கோ' என்று நாலு பேருக்குச் சிபாரிசு செய்தவர்கள்தான் அதிகம். நானும் அழுதேன். வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால், அழுகையெல்லாம் தீர்ந்து இரண்டாம் தடவை பார்க்கும்போது ஒரு சின்னக் கேள்வி வருகிறது.

புரொஃபசர் காலையில் ரயில் ஏறிப் போகிறார். மாலை ஐந்து மணி ரயிலில் திரும்பி வருகிறார். நடுவில் அந்த நாய் என்ன செய்தது?

படத்தில் இதற்குப் பதில், ஒரு 'கட்'. காலை ரயில் போகிறது, கட், மாலை ரயில் வருகிறது. நாய் வேலியைத் தாண்டிக்கொண்டு ஓடிப்போய் ஸ்டேஷன் எதிரே 'டாண்' என்று உட்கார்ந்திருக்கிறது. எட்டு மணி நேரம் எடிட்டிங் டேபிளில் போய்விட்டது. உங்கள் வீட்டு நாய்க்கு எடிட்டர் கிடையாது. அது அந்த எட்டு மணி நேரத்தையும் ஒவ்வொரு நிமிஷமாக உட்கார்ந்தும் படுத்தும் கழித்தாக வேண்டும். வீட்டில் நாய் வைத்துக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

படம் மோசம் என்று சொல்லவில்லை. டைரக்டர் லாஸ்ஸே ஹால்ஸ்ட்ராம் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாயின் கண்ணுக்குத் தெரியும் உலகத்தை வண்ணம் வடிந்துபோன மாதிரி, தரையோடு தரையாகக் காட்டியிருக்கிறார். பந்தைப் பொறுக்கிக்கொண்டு வரச் சொன்னால் 'எனக்கென்ன' என்று பார்க்கிற நாய், ஒருநாள் தானாகவே பந்தைக் கவ்விக்கொண்டு வருகிறது. அன்றைக்குத்தான் புரொஃபசர் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்துபோகிறார். இராம. நாராயணன் படத்துப் பாம்பு மாதிரி நாய்க்கு முன்பே தெரிந்துவிட்டது என்பது தாத்பர்யம். சரி, போகட்டும். அந்த இடத்தில் யாரும் லாஜிக் பார்ப்பதில்லை.

எனக்குச் சங்கடம் அதற்குப் பிறகு வரும் காட்சியில். புரொஃபசர் போனபின் வீட்டை விற்கிறார்கள். மகள், நாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள். அது ஓடிவிடுகிறது. கண்டுபிடித்துத் திரும்பக் கூட்டி வருகிறார்கள். அது கேட்டருகே படுத்து வெளியே பார்த்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் அந்தப் பெண் கண்ணீரோடு கேட்டைத் திறந்துவிட்டு அதைப் போகவிடுகிறாள். பின்னணியில் பியானோ. நமக்குத் தொண்டை அடைக்கிறது.

ஒருமுறை பியானோவை மட்டும் மியூட் செய்துவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். வைத்துப் பராமரிக்க வழி தெரியாத ஒரு குடும்பம், நாயைத் தெருவில் விடுகிறது. அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த நாய் பல வருஷம் ரயில்வே யார்டில், பெட்டிக்கு அடியில் படுத்துப் பனியில் நடுங்குகிறது. நாம் அதை விசுவாசம் என்கிறோம்.

சாப்பாடு யார் போட்டது? ஸ்டேஷன் வாசலில் 'ஹாட் டாக்' தள்ளுவண்டி வைத்திருக்கும் ஜஸ்ஜீத் என்ற நம் ஊர்க்காரர். நடித்திருப்பவரும் டார்ஜிலிங்கில் பிறந்த எரிக் அவாரி. மொத்தப் படத்திலும் நாய்க்குத் தினசரி உபகாரமாக இருக்கிற ஆள் அவர்தான். அவர் வீட்டைப் படம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மழை நாளில் வண்டி வராவிட்டால் நாய் சாப்பிட்டதா என்று கேட்கவும் இல்லை. காத்திருக்கும் நாய்க்குத்தான் க்ளோசப். அதற்குக் கஞ்சி ஊற்றுகிறவர் ஓரத்தில் வந்துவிட்டுப் போகிறார்.

இதே ஹால்ஸ்ட்ராம் 1985-ல், ஸ்வீடனில் இருந்தபோது ஒரு படம் எடுத்தார். 'மை லைஃப் அஸ் எ டாக்'. ஆஸ்கரில் சிறந்த இயக்குநர் பரிந்துரை வரைக்கும் போன படம். 1950-களின் கடைசியில் நடக்கிற கதை. இங்கெமார் என்று ஒரு பையன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று பிள்ளைகளை உறவினர் வீடுகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். பையனுக்கு மாமா வீடு. அவன் நாய் சிக்கானுக்கு? நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இடத்தில் விட்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.

பையன் போகிற இடத்தில் எல்லாம் நாயைப் பற்றி விசாரிக்கிறான். பெரியவர்கள் மழுப்புகிறார்கள். 1957-ல் ரஷ்யர்கள் ஸ்புட்னிக்-2-ல் வைத்து மேலே அனுப்பிய லைகாவை அவன் அடிக்கடி நினைத்துக்கொள்கிறான். திரும்பக் கொண்டுவருவதற்கு ஏற்பாடே இல்லாமல் அனுப்பப்பட்ட நாய் அது. சிக்கானை எப்போதோ கொன்றுவிட்டார்கள் என்பது அவனுக்கு வெகு தாமதமாகத்தான் தெரிகிறது. தோட்டத்துக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு நாய் மாதிரி குரைக்கிறான்.

அந்தப் படத்தில் நாய் தலைகாட்டுவது கொஞ்ச நேரம்தான். ஆனால் 'வீட்டில் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டால் நாயை யார் பார்த்துக்கொள்வது?' என்ற கேள்வி படம் முழுக்க நம் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருக்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் காரணம் இருக்கிறது. நடுவில் நாய் போய்விடுகிறது. 1985-ல் இவ்வளவு தெரிந்த மனிதர், 2009-ல் கேட்டைத் திறந்துவிட்டு நம்மை அழச் சொல்கிறார் என்பதுதான் என் வருத்தம்.

ஹாலிவுட்டை விடுங்கள். நம் பக்கத்தில் 2022-ல் கன்னடத்திலிருந்து '777 சார்லி' வந்தது. கிரண்ராஜ் இயக்கி, ரக்ஷித் ஷெட்டி நடித்து, தமிழிலும் டப் ஆகி நன்றாக ஓடியது. சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. தொழிற்சாலை வேலை, வீடு, சிகரெட், சாப்ளின் படம் என்று யாரோடும் ஒட்டாமல் வாழ்கிற தர்மாவிடம் ஒரு லாப்ரடார் வந்து ஒட்டிக்கொள்கிறது. வேலைக்குப் போகிற தனி ஆள் நாய் வளர்த்தால் வீடு என்ன கதி ஆகும் என்று முதல் பாதியில் கொஞ்சமாவது காட்டினார்கள். நாய்களைக் கூண்டில் அடைத்து, ரத்த சொந்தத்துக்குள்ளேயே குட்டி போட வைத்து விற்கிற வியாபாரத்தையும் தைரியமாகச் சொன்னார்கள். 'ஜாதி நாய்' வாங்க ஆசைப்படுகிறவர்கள் அதற்காகவே பார்க்கலாம்.

இரண்டாம் பாதியில் நாய்க்குப் புற்றுநோய். ஹீரோ தொழிற்சாலையை மறந்துவிட்டு, அதற்குப் பனி காட்ட வடக்கே கிளம்பிவிடுகிறார். அழகான பயணம். ஆனால் கவனியுங்கள், பிரச்னையைத் தீர்க்கவில்லை. வேலையைக் கதையிலிருந்து தூக்கிவிட்டார்கள்! ஹீரோவின் பெயர் தர்மா என்பதால் மகாபாரதம் ஞாபகம் வருகிறது. அதிலும் இதே கதைதான். தருமர் ராஜ்யபாரம் செய்தவரைக்கும் அந்த நாய் வரவில்லை. எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு இமயமலைக்கு நடக்க ஆரம்பித்த பிறகுதான் கூடவே வந்தது. ரிட்டயர் ஆனவர்களுக்கு நாய் சௌகரியம் என்று வியாசருக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழில் அதே 2022-ல் வந்த 'ஓ மை டாக்' படத்தில் விஜயகுமார், அருண் விஜய், அவர் மகன் அர்ணவ் என்று மூன்று தலைமுறை நடித்தது. வீட்டில் தாத்தா இருக்கிறார் என்றால் பாதி கவலை தீர்ந்தது. முற்றமும் திண்ணையும் பாட்டியும் இருந்த காலத்தில், 'பகலில் நாயை யார் பார்த்துக்கொள்வது' என்று ஒரு கேள்வியே எழுந்திருக்காது. யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருந்தார்கள். பெரும்பாலும் ஒரு பெண். அதற்கு அவளுக்கு யாரும் நன்றி சொன்னதாகவும் தெரியவில்லை.

இப்போது அடுக்ககத்துக்கு வருவோம். எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடியில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. 2020 ஊரடங்கில் வந்த குட்டி. இருவருமே வீட்டிலிருந்து வேலை பார்த்ததால் ராஜ வாழ்க்கை. லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே படுக்கை, மீட்டிங்கில் அவ்வப்போது முகம். பிறகு ஆபீஸில் வரச் சொல்லிவிட்டார்கள். காலை எட்டரைக்குக் கதவு பூட்டினால் திறக்க ராத்திரி ஏழு.

அசோசியேஷன் மீட்டிங்கில் புகார் வந்தது. "நாள் பூரா குரைக்குது, நைட் ஷிஃப்ட் போறவங்க பகல்ல தூங்க வேணாமா?" அந்தத் தம்பி பரிதாபமாக எழுந்து, "கேமரா வெச்சிருக்கோம் அங்கிள். ஆபீஸ்லேருந்தே பாத்துக்கறோம்" என்றான்.

தமிழில் 'பார்த்துக்கொள்வது' என்ற வார்த்தைக்கு இரண்டு வேலை. கேமரா முதல் வேலையை மட்டும்தான் செய்யும்.

வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாவுக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. "அது குரைக்கல சார். லிஃப்ட் சத்தம் கேட்டா ஊளை மாதிரி அழுவுது. யாரும் வரலைன்னு தெரிஞ்சதும் கதவைப் பிறாண்டும். அப்புறம் படுத்துடும். மறுபடி லிஃப்ட் வரும்." துணி எடுக்க மாடிக்கு மாடி ஏறி இறங்குகிறவர் என்பதால் அவருக்குக் கேட்டிருக்கிறது.

இதற்குக் கால்நடை மருத்துவர்கள் பிரிவுப் பதற்றம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எல்லா நாய்க்கும் வருவதில்லை. ஆரோக்கியமான நாய் ஒரு நாளில் பாதி நேரம் தூங்கித்தான் கழிக்கும். ஆகவே தனியாக விட்டாலே கொடுமை என்று யாரும் குற்ற உணர்ச்சியில் வேலையை விட வேண்டாம். ஆனால் பதற்றம் உள்ள நாய், ஆள் வெளியே போன முதல் அரை மணிக்குள்ளேயே தவிக்க ஆரம்பித்துவிடும். கதவையும் ஜன்னலையும்தான் கடிக்கும், பிறாண்டும். பழக்கப்பட்ட நாயும் வீட்டுக்குள் மூத்திரம் போகும். 'கோபத்துல பழிவாங்குது' என்று நாம் அடிப்போம். அது பழி இல்லை, பயம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று வெளியே போய் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தனிமைக்குப் பழக்க வேண்டும். ஊரடங்குக் குட்டிகளுக்கு அந்தப் பாடம் நடக்கவே இல்லை. வருஷக்கணக்கில் கூடவே இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை பத்து மணி நேரம் காணாமல் போனார்கள்.

இரண்டாவது, மூத்திரம். இதை எந்தப் படத்திலும் காட்ட மாட்டார்கள். இரண்டு மூன்று மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. வளர்ந்த நாய்க்கே ஆறு, மிஞ்சிப்போனால் எட்டு மணி நேரம். ஆபீஸ் ஒன்பது மணி நேரம், அதோடு ஓ.எம்.ஆர் டிராஃபிக். நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். ஹால்ஸ்ட்ராமின் ஸ்வீடனில் பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று அரசாங்க விதியே இருக்கிறது. நம் ஊரிலும் சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, நாயை எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்துவிட்டு, அது நடக்க ஓட வழிசெய்யாமல் இருப்பதைக் குற்றம் என்கிறது. அடுக்ககத்தில் நாய் வளர்க்கக் கூடாது என்று அசோசியேஷன் தடை போட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மத்திய விலங்குகள் நல வாரியமே சொல்லியிருக்கிறது. இந்த 11-வது பிரிவைத்தான் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

சிலர் துணைக்கு இன்னொரு நாய் வாங்குகிறார்கள். மனுஷரைத் தேடி அழுகிற நாய்க்கு இன்னொரு நாய் எப்போதும் மருந்தாவதில்லை. இரண்டும் சேர்ந்து அழுத வீடு எனக்குத் தெரியும். பகல் நேரக் காப்பகங்கள் பெருநகரங்களில் வந்துவிட்டன. ஒரு குழந்தையின் ப்ளே ஸ்கூல் ஃபீஸுக்குப் பக்கத்தில் ஆகும். கூட்டத்துக்கு மிரள்கிற நாய்க்கு அது ஒத்துவராது. நடுப்பகலில் ஒரு ஆள் வந்து கூட்டிப்போவதுதான் பல வீடுகளுக்குச் சரியான வழி. அங்கேதான் நம் பெரிய சிக்கல். சாவியை யாரிடம் கொடுப்பது?

மூன்றாவது மாடியில் ரொம்ப யோசித்துவிட்டு இஸ்திரி அம்மாவிடம் கேட்டார்கள். தினம் பன்னிரண்டரைக்கு மேலே போய், நாயைக் கீழே கூட்டி வந்து, கால் மணி நேரம் நடத்தி, தண்ணி மாற்றி வைத்துவிட்டு வர வேண்டும். "உங்களுக்குத்தான் அது மேல ரொம்பப் பிரியமாச்சே அக்கா, ஏதாவது பாத்து செய்யறோம்" என்றிருக்கிறாள் அந்தப் பெண். அந்த அம்மா வளைந்து கொடுக்கவில்லை. "பிரியம் இருக்கும்மா. பிரியத்துக்குன்னா ஒருநாள் வருவேன், ஒருநாள் துணி ஜாஸ்தி இருந்தா வரமாட்டேன். மாசச் சம்பளம்னு பேசிக்கோ. நான் ஊருக்குப் போனாக்கூட என் பையனை அனுப்புவேன்" என்றார்.

ஹாலிவுட் திரைக்கதைக்காரர் யாராவது அங்கே நின்று கேட்டிருக்கலாம். பேசியபடி சம்பளம் தருகிறார்கள். நாய் அழுவது முழுசாக நின்றுவிடவில்லை. காலை எட்டரைக்கு இன்னமும் பிறாண்டுகிறது. ஆனால் பன்னிரண்டரை லிஃப்டில் அதற்கான ஆள் வருகிறார்.

இனி நிஜ ஹச்சிகோவுக்கு வருகிறேன். 1923 நவம்பரில் ஜப்பானின் ஒடாதே ஊர்ப்பக்கம் பிறந்த அகிதா இன நாய். 1924 ஜனவரியில் குட்டியாக டோக்கியோவுக்கு, விவசாயப் பேராசிரியர் ஹிடேசபுரோ உயெனோ வீட்டுக்கு வந்தது. சினிமாவில் வருகிற மாதிரி தனிக்குட்டி இல்லை. வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள் இருந்தன. யாயெ என்ற மனைவி இருந்தார். தோட்ட வேலைக்கு ஆள் இருந்தார். 1925 மே 21-ல் பேராசிரியர் வேலைக்குப் போன இடத்தில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார். அவரும் நாயும் சேர்ந்து இருந்தது மொத்தம் சுமார் 16 மாதம். அதற்கப்புறம் அது ஷிபுயா ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தது, 1935 மார்ச் 8-ல் சாகும்வரை, கிட்டத்தட்ட 10 வருஷம்.

யாயெ சட்டப்படி பதிவு செய்துகொண்ட மனைவி இல்லை. அதனால் வீடு அவர் கையை விட்டுப் போனது. நாயை வைத்துக்கொள்ள முடியவில்லை. அது சொந்தக்காரர்கள் வீடுகளுக்குக் கைமாறியது. எங்கும் சரிப்படவில்லை. யாயெயின் அஸ்தி, பேராசிரியரின் கல்லறையில் சேர்ந்தது 2016-ல்தான். அவர் இறந்து 55 வருஷம் கழித்து. நாய்க்கு அங்கே எப்போதோ இடம் கிடைத்துவிட்டது. இதற்கும் ஒரு படம் எடுக்கலாம். யாரும் கர்ச்சீஃப் கொண்டுவர மாட்டார்கள்.

1932-ல் பத்திரிகையில் செய்தி வருகிறவரை ஸ்டேஷனில் அது ஒரு தொந்தரவு நாய். வந்த பிறகு தேசத்துக்கே செல்லம். 1934-ல் சிலை திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு அந்த நாயே வந்திருந்தது! யுத்தத்தில் உலோகத்துக்காக அந்தச் சிலையை உருக்கிவிட்டு, 1948-ல் வேறு செய்து வைத்தார்கள். ஊரெல்லாம் கொஞ்சித் தின்னக் கொடுத்ததற்கு அத்தாட்சியும் கிடைத்தது. செத்த பிறகு அதன் வயிற்றில் கோழிக்கறி சுடுகிற குச்சிகள் இருந்தன. அதனால் சாகவில்லை என்றும், நுரையீரலிலும் இதயத்திலும் புற்றுநோய் இருந்தது என்றும், கொசுவால் பரவுகிற இதயப்புழுவும் சேர்ந்திருந்தது என்றும் 2011-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பாதுகாத்த உறுப்புகளைப் பார்த்துச் சொன்னார்கள். ஊர்ப் பாசம் குச்சியோடுதான் ஊட்டும். புழுவுக்கு வைத்தியம் பார்க்க ஒரு தனி ஆள் வேண்டும்.

அப்படி ஒரு ஆள் இருந்தார் என்பதுதான் நான் சொல்ல வந்தது. உயெனோ வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்த கிகுசபுரோ கோபயாஷி. கைமாறிக் கைமாறி அலைந்த நாயைக் கடைசியில் எடுத்துக்கொண்டது அவர்தான். ஷிபுயாவுக்கு எட்டுகிற தூரத்தில் அவர் வீடு. 1987-ல் செய்ஜிரோ கோயாமா எடுத்த ஜப்பானியப் படத்தில் இந்தத் தோட்டக்காரர் வருகிறார். கதை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியபோது இவரை மட்டும் கரையிலேயே விட்டுவிட்டார்கள். ஏன் என்று புரிகிறது. வீடும் தட்டும் உள்ள நாய் என்றால் பெட்டிக்கு அடியில் பனியில் நடுங்க முடியாது. பாதிக் கண்ணீர் நஷ்டம்.

எனக்கு அந்த நஷ்டப்பட்ட படத்தைப் பார்க்க வேண்டும். செத்துப்போன முதலாளியின் நாய் அது, இவருக்குச் சட்டப்படி ஒரு பாத்தியதையும் இல்லை. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது நாய் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறது. அவர் தடுக்கவில்லை, கட்டிப்போடவில்லை. மாலையில் மறுபடி ஒருமுறை அது போய், ஐந்து மணி, ஆறு மணி ரயில்களில் இறங்குகிற முகங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கோபயாஷி வீட்டுக்குத் திரும்பி வரும். தட்டில் சாப்பாடு இருக்கும்.